யாஸூ யாருடைய குழு?

சிந்த்தாசன்:
யாஸூ என்ற பிரிட்டிஷ் பாப் குழுவில் வாத்தியக்காரர் வின்ஸ் கிளார்க்கும் பாடகி அலிசன் மொயேவும் சரிபாதி என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். எரிச்சலாக இருக்கிறது. 1981 கடைசியில் டெபேஷ் மோட் என்ற குழுவை விட்டு வெளியே வந்த கிளார்க்கிடம் 'ஒன்லி யூ' பாட்டு இருந்தது, பாட ஆள் வேண்டியிருந்தது, மொயே கிடைத்தார். குரல் கொடுத்தவரெல்லாம் குழுவுக்குச் சொந்தக்காரரா?

கேசட்பெட்டி:
எழுதியது நான்தான், பேரைச் சொல்லியே கேட்கலாமே. 'நோபடீஸ் டைரி' யார் எழுதியது? மொயே, தனியாக. 1983-ல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடம் வந்த பாட்டு. முதல் ஆல்பத்தில் 'மிட்நைட்', 'விண்டர் கில்ஸ்' இரண்டும் அவருடையவைதான்.

சிந்த்தாசன்:
ஒரு பாட்டையே பிடித்துத் தொங்காதீர்கள். ஊரைக் கலக்கிய 'ஒன்லி யூ', 'டோன்ட் கோ' இரண்டும் கிளார்க் எழுதியவை.

பழையரேடியோ:
'ஒன்லி யூ' முதலிடம் வந்த பாட்டாச்சே!

கேசட்பெட்டி:
வரவில்லை சார். 1982-ல் 2-ஆம் இடம். முதலிடம் வந்தது அதே பாட்டை ஃபிளையிங் பிக்கெட்ஸ் என்ற குழு வாத்தியமே இல்லாமல் பாடியது, 1983 கிறிஸ்துமஸுக்கு. சிந்த்தாசன், நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. 'நோபடீஸ் டைரி' யார் எழுதியது?

பழையரேடியோ:
நான் முதலிடம் என்றுதான் கேள்விப்பட்டேன். அப்புறம், அமெரிக்காவில் இவர்கள் பேர் யாஸ். அதையாவது சரியாக எழுதுங்கள்.

கேசட்பெட்டி:
அங்கே யாஸூ என்ற பேரில் ஏற்கெனவே ஒரு ப்ளூஸ் இசைத்தட்டு நிறுவனம் இருந்தது, அதனால் சுருக்கினார்கள். நாம் பேசுவது பிரிட்டனில் இருந்த குழுவைப் பற்றி. இன்னொன்று, 'ஹேப்பி பீப்பிள்' பாட்டைப் பாட மாட்டேன் என்று மொயே சொல்லிவிட்டார், கிளார்க்கே பாட வேண்டியதாயிற்று. கூலிக்குப் பாடுகிறவர் அப்படிச் சொல்ல முடியுமா?

சிந்த்தாசன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், ஒத்துப்போகவில்லை. இரண்டாவது ஆல்பம் முதலிடத்துக்கு வந்தபோது குழுவே இல்லை. கிளார்க் விலகினார், யாஸூ முடிந்தது. யார் போனால் கடையை மூட வேண்டுமோ அவர்தான் முதலாளி. போன மாதம், கிளார்க்கின் பிந்தைய குழுவான எராஷர் பற்றிய விவாதத்திலும் அதன் பாடகர் ஆண்டி பெல்லைத் தூக்கிவைத்து இப்படித்தான் இழுத்தீர்கள்.

கேசட்பெட்டி:
எராஷரை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கேயும் நீங்கள் பதில் சொல்லவில்லை. மொயே போயிருந்தால் மட்டும் யாஸூ இருந்திருக்குமா? குழு பிரிந்த அடுத்த வருடமே அவர் தனியாக 'ஆல்ஃப்' ஆல்பத்தோடு முதலிடத்துக்கு வந்தார். 'நோபடீஸ் டைரி' பற்றி எப்போது பேசப்போகிறீர்கள்?

சிந்த்தாசன்:
அந்தப் பாட்டுக்கும் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியம் வாசித்தது கிளார்க்தான். அதை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

பழையரேடியோ:
'ஒன்லி யூ' 2-ஆம் இடம் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை.