ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட்: முதல் வரியில் சிக்கியிருக்கிறேன்

வணக்கம். கும்பகோணத்தில் வுட்கட் (மரப்பலகையைச் செதுக்கி, மை பூசித் தாளில் ஒற்றும்) அச்சுப் படங்கள் செய்கிறேன். சென்னைக் காட்சிக்கூடம் ஒன்றுக்கு இந்த மாதக் கடைசிக்குள் 150 சொல்லில் ஸ்டேட்மென்ட்டும் (என் படங்களைப் பற்றி நானே எழுதும் குறிப்பு) 10 படங்களும் 5 எம்பிக்குள் ஒரே பிடிஎஃப்பாக அனுப்ப வேண்டும்.

படப் பகுதி முடிந்தது. ஜன்னலை மூடி, இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்துப் புகைப்படம் எடுத்தவை. நீளப் பக்கம் 1,600 பிக்சல். அதற்குமேல் சுருக்கினால் நுண்கோடுகள் கலங்குகின்றன. கீழே தலைப்பு, ஆண்டு, ஊடகம், உயரம் × அகலம், பதிப்பு எண் 3/15 (15 பிரதிகளில் மூன்றாவது) என்ற முறையில்.

எழுத்துதான் நகரவில்லை. பலகை, உளி, மை என்று எழுதினால் வெறும் செய்முறை ஆகிறது. அதை வெட்டினால் 'மனித உணர்வுகளின் தேடல்' என்று யார் படத்துக்கும் ஒட்டும் வரிகள்தான் மிஞ்சுகின்றன. வாழ்க்கைக் குறிப்பைத் தனித் தாளுக்கு மாற்றிவிட்டேன். வாயால் பேசிப் பதிவுசெய்து எழுதியும் பார்த்தாயிற்று. இந்தப் படத் தொடர் முழுக்க ஆளில்லாத காவிரிப் படித்துறைகள்.

முதல் வரியை ஒரு குறிப்பிட்ட படத்திலிருந்து தொடங்குவதா, தொடர் முழுமைக்குமான கேள்வியிலிருந்தா?