கடலோர மழைக்காலத்தில் ஃபியூஷியா: உங்கள் அனுபவங்கள்

முத்தியால்பேட்டை மாடித்தோட்டம்
ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவைப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30, ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை. மாடி வடிகாலைச் சருகு அடைத்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் ஊட்டியிலிருந்து கொண்டுவந்த ஃபியூஷியா, குளிர் ஊர்ப் பூச்செடி, தண்ணீரில் சாய்ந்து கிடக்கிறது, ஆனால் ஒரு பூகூட உதிரவில்லை. சிவப்பு வெளியிதழ், ஊதா உள்ளிதழ் எல்லாம் அப்படியே. தப்பித்தது என்று நிமிர்த்தி வைத்தோம். சில நாளில் இலை துவண்டது. தொட்டி மண்ணோ சொதசொதவென்று ஈரம். அம்மா, "பாவம், தாகத்தில் வாடுது" என்று ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பாகி அழுகல் வாடை வந்தது. அந்தச் செம்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மஞ்சக்குப்பம்
எங்கள் வீட்டில் மழையால் போகவில்லை, அறிவுரையால் போனது. அண்ணன் ஸ்காட்லாந்தில் இருக்கிறார். அங்கே குளிர் தொடங்கியதும் கிளையைக் குறைத்து, உறைபனி படாத கொட்டகைக்குள் தொட்டியை வைத்து, மண் முழுக்கக் காயாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுவார்களாம். இலையெல்லாம் உதிர்ந்து செடி தூங்கும், வசந்தத்தில் துளிர்க்கும். அதையே கடலூரில் செய்யச் சொன்னார். அண்ணியும் மார்கழியில் செடியைச் சாமான் அறையில் வைத்தார். போகிக்குப் பழையதைக் கழிக்கக் கதவைத் திறந்தோம். கதவு இடுக்கில் வரும் வெளிச்சத்தைத் தேடி, வெளிறிய தண்டுகள் நூலாக நீண்டிருந்தன. நம் ஊர் மார்கழி இரவு 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்தச் சூட்டில் செடி எப்படித் தூங்கும்? இருட்டில் பட்டினி கிடந்திருக்கிறது.

அரியாங்குப்பம் பச்சை
மழைக்காலத்தையே குற்றவாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் செடி கத்திரி வெயிலில் கருகியது. கார்த்திகையிலிருந்து மாசி வரைதான் நம் கடலோரத்தில் அதற்கு மூச்சு விடும் காலம். அந்த மாதங்களில் அதை மூடி ஒளித்துவைப்பது தவறு, வேரில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வெறும் தென்னைநார்த்தூளில் வைக்காதீர்கள், நாலு நாள் மழை பெய்தால் அது ஈரத்தை விடவே விடாது. ஆற்றுமணலோ பெர்லைட் என்ற எடையில்லாத வெள்ளைக் குறுணையோ தாராளமாகக் கலக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் ஐப்பசியிலேயே எடுத்துவிடுங்கள். செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், ஓட்டை அடைபடாது. சன்ஷேடுக்குக் கீழே, காலை வெயில் மட்டும் படும் இடம் நல்லது. உரத்தை மழை ஓயும்வரை நிறுத்துங்கள். அப்புறம், துவண்டதைப் பார்த்ததும் செம்பைத் தூக்காமல் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மிக முக்கியமாக, மழைக்கு முன்பே பூக்காத நுனிக்கிளையில் விரல் நீளத்துக்கு வெட்டி, ஈர மணலில் நட்டு வீட்டுக்குள் வையுங்கள். தாய்ச்செடி போனாலும் பிள்ளை இருக்கும். வகையும் முக்கியம். கொத்தாக நீளக் குழல் பூ விடும் டிரிஃபில்லா வகை மற்றவற்றைவிடச் சூடு தாங்கும்.

திருப்பாதிரிப்புலியூர், சொந்த ஊர் ஊட்டி
அரியாங்குப்பம் அண்ணா, அம்மா பாசத்தில் ஊற்றிய தண்ணீரை இப்படிக் குத்திக் காட்ட வேண்டாமே. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது மிலார் செடியை வெட்டிவந்து பூச்செடிகளுக்குக் கூரை போடுவார்கள், தாவரவியல் பூங்காவிலும் அப்படித்தான். ஒரு விடியலில் அப்பா மிலாரை விலக்கியதும் ஃபியூஷியா மொட்டுகள் மேல் வெள்ளைப் பூச்சாகப் பனி இருந்தது. வெயில் ஏறுவதற்குள் கரைய வேண்டும் என்று விறைத்த கையோடு தண்ணீர் தெளித்தார். அங்கே தண்ணீர்தான் காப்பாற்றியது. கடலூருக்கு வந்து அதே பழக்கத்தில் நம் செடிக்கும் காலையில் தெளித்தார், இலையெல்லாம் பூஞ்சை பிடித்தது. அவரிடம் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முத்தியால்பேட்டை மாடித்தோட்டம்
அண்ணா, சன்ஷேடு யோசனை சரி. ஆனால் எங்கள் வீடு கடலுக்குப் பக்கம், கிழக்குச் சாரல் சன்ஷேடுக்குள்ளும் அடிக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் கூடத்துக்குள் தூக்கி வைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. டிரிஃபில்லா புதுச்சேரி நர்சரி எதிலாவது கிடைக்கிறதா?