புதுப்பிப்பு: சவர சோப்புக்கு மாறி மூன்று வாரம்

பத்து வருடமாகக் கிரீம் மட்டுமே பூசியவன், முதல் சோப்பாக எதை வாங்கலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பலர் புரொராசோ நிறுவனத்தின் பச்சை வகைச் சவர சோப்பைச் சொன்னீர்கள். அதிலுள்ள மென்தால் குளிர்ச்சி எனக்கு ஆகாது. அதனால் மலிவான குச்சி வடிவச் சவர சோப்பு ஒன்றை வாங்கினேன். பிடிக்காவிட்டாலும் மனம் வலிக்காதே!

முதல் நான்கு நாள் படுதோல்வி. ஒரு கன்னம் மழிப்பதற்குள் மறு கன்னத்தில் நுரை காய்ந்துவிட்டது. சோப்பைத் திட்டித் தீர்த்த பிறகுதான் புரிந்தது, குற்றவாளி எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, நுரைக்குப் பதில் கசடாகிவிடுகின்றன.

ஐந்தாம் நாள் சுத்திகரித்த குடிநீர் ஒரு குவளை எடுத்தேன். நனைந்த தாடியில் குச்சியைத் தாராளமாகத் தேய்த்து, ஈரப் பிரஷ்ஷைச் சுழற்றி, சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்தேன். கெட்டித் தயிர் போல நுரை! கிரீமில் நீர் ஏற்கெனவே இருக்கிறது; சோப்புக்கு நாம்தான் ஊட்ட வேண்டும்.

கழுத்து எரிச்சலும் குறைந்திருக்கிறது. ஆனால் பிளேடையும் அதே வாரம் மாற்றினேன், எனவே பாராட்டு யாருக்கு என்று சொல்ல மாட்டேன். கிரீம் பயணப் பைக்குப் போய்விட்டது. குடிநீரில் சவரமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.