சைலசின் ஊசிக்குப் பிறகு குதிரையின் குடல் சத்தம் அடங்கியது ஏன்?

லாயம்_கவனிப்பவன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெட்டைக் குதிரைக்குப் பல் ராவ டாக்டர் சைலசின் என்ற மயக்க மருந்து போட்டார். ஊசிக்கு முன்னால் வலது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்தேன். தொட்டியில் தண்ணீர் இறங்குவது போல நீளமாக ஒரு கடகட சத்தம், சிறிது இடைவெளி, மறுபடி அதே சத்தம். ஊசி போட்டதும் அது அப்படியே அடங்கிவிட்டது. மயக்கம் தெளிந்தபின் மெல்லத் திரும்பியது, லத்தியும் போட்டாள். டாக்டர் இது சகஜம் என்றார், எனக்கும் பயம் போய்விட்டது. ஆனால் காரணம் தெரிய வேண்டும். குடலுக்குள்ளேயே ஹார்மோன் சுரக்கும் செல்களும் தனி நரம்புகளும் இருப்பதாகப் படித்திருக்கிறேன். இரண்டும் தனித்தனியாக வேலை செய்கின்றனவா? மருந்து எதை நிறுத்தியது?

நுண்ணோக்கி எழுதியது:

அண்ணா, மருந்து கை வைத்தது முக்கியமாக நரம்பு முனையில். குடல் தசையைச் சுருங்கச் சொல்ல நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடும். அதே முனையில் ஆல்ஃபா-2 ஏற்பிகளும் உண்டு, ஏற்பி என்றால் மருந்தோ உடம்பின் பொருளோ வந்து ஒட்டி வேலை காட்டும் இடம். சைலசின் அவற்றில் போய் ஒட்டியதும் அசிட்டைல்கோலின் வருவது குறைந்துபோகும். தசை அங்கேயேதான் இருக்கிறது, உத்தரவுதான் வரவில்லை. டெட்டோமிடினும் இதே வகை மருந்து, அதில் இந்த அமைதி இன்னும் நீளும்.

ஹார்மோன் செல்களைப் பற்றிக் கேட்டதற்கு விரிவாகவே சொல்கிறேன், என் வேலையே குடல் திசு பார்ப்பதுதான். வழக்கமான ஊதா-இளஞ்சிவப்புச் சாயத்தில் இந்தச் செல்கள் எளிதில் கண்ணில் படாது. குரோமோகிரானின் என்ற புரதத்தைக் குறிவைத்துச் சாயம் ஏற்றினால், உள் சவ்வின் குழிகளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பாகத் தெரியும். கூட்டமாக இருக்காது, உறிஞ்சும் செல்களுக்கு நடுவே தனித்தனியாக நிற்கும். அடி பருத்து மேலே குறுகியிருக்கும். குறுகிய நுனி குடலின் உட்பக்கம் நீட்டிக்கொண்டு அங்கே வந்த தீவனத்தைச் சோதிக்கும். சுரப்புத் துகள்கள் எல்லாம் அடிப்பக்கம், ரத்தக் குழாய்க்கும் நரம்புக்கும் அருகில் குவிந்திருக்கும்.

அதே ஸ்லைடை வெளிப்பக்கமாக நகர்த்தினால் வட்டத் தசைக்கும் நீளத் தசைக்கும் நடுவே வெளிறிய கொத்துகள் வரும். பெரிய கருவும் அதற்குள் எடுப்பான ஒரு புள்ளியும் கொண்ட நியூரான்கள் அவை. அவுர்பாக் நரம்புப் பின்னல் என்பது இதுதான். குதிரையின் பெருங்குடல் இடது பக்கத்தில் மடிந்து திரும்பும் இடுப்பு வளைவில் இவை நெருக்கமாக இருக்கும். அந்த இடத்தில் குழாய் சட்டென்று குறுகுகிறது, தீவனம் அடைத்துக்கொள்வதும் பெரும்பாலும் அங்கேதான். எனக்குக் குதிரை உடம்பிலேயே மிகவும் பிடித்த இடம் அது.

இரண்டும் தனித்தனியா என்றால், இரண்டு வழியும் உண்டு. 1902-ல் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் ஆய்வாளர்கள் ஒரு நாயின் குடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு உள்ளே அமிலம் விட்டார்கள். நரம்பே இல்லாத நிலையிலும் கணையம் சுரந்தது. குடல் சவ்விலிருந்து ரத்தம் வழியாகப் போன அந்தப் பொருளுக்கு செக்ரிடின் என்று பெயர் வைத்தார்கள். செரட்டோனின் என்ற பொருளைச் சுரக்கும் ஹார்மோன் செல்லின் கதை வேறு. உள்ளே வந்த தீவனம் சவ்வை அழுத்தினால் அது செரட்டோனினை விடும், பக்கத்திலிருக்கும் உணர்வு நரம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து பின்னலுக்குத் தகவல் போய், தீவனத்துக்குப் பின்பக்கத் தசை சுருங்கும், முன்பக்கத் தசை தளரும். உடம்பின் செரட்டோனினில் பெரும்பகுதி இருப்பது குடலில்தான். ஊசி போட்ட அந்த நேரத்திலும் அழுத்தத்தை உணரும் செல் உங்கள் குதிரையின் குடலில் இருந்தது. சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் ஓய்ந்திருந்தது.

கள_மருத்துவர் எழுதியது:

நுண்ணோக்கி சொன்னது சரி. நடைமுறைக்கு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். முழுதாகத் தெளியும் வரை தீவனம் வைக்காதீர்கள், அரைமயக்கத்தில் தின்றால் தொண்டைக் குழாயில் அடைத்துக்கொள்ளும். அட்ரோபினும் குடலை அமைதியாக்கும், அது அசிட்டைல்கோலின் போய்ச் சேரும் இடத்தையே மறித்துவிடுகிறது. கண்ணுக்குச் சொட்டாக அடிக்கடி விட்டால்கூட குடல் சத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

குடலை ஓட வைக்க மோட்டிலின் ஹார்மோனின் ஏற்பியைத் தூண்டும் எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி உண்டே என்று யாராவது கேட்பீர்கள். வளர்ந்த குதிரைக்கு அது கடும் பெருங்குடல் அழற்சியைக் கொண்டுவரலாம். குட்டிக்குக் கொடுக்கும்போது தாய்க்குச் சிறிதளவு போனாலே ஆபத்து. யாரும் தாமாகக் கையில் எடுக்க வேண்டாம்.

வெள்ளைக்குட்டி எழுதியது:

நுண்ணோக்கி அக்கா, எங்களுக்கு முழு வெள்ளையாக ஒரு குட்டி பிறந்தது. எழுந்து நின்று பாலும் குடித்தது. பிறகு வயிற்று வலியில் உருண்டு இறந்துவிட்டது. குடலில் நரம்பே இல்லை என்றார்கள். அப்படியும் நடக்குமா?

நுண்ணோக்கி எழுதியது:

நடக்கும் தம்பி. படிக்கவே மனசு கனத்துப்போனது. குடலின் நியூரான்கள் குடலிலேயே பிறப்பவை அல்ல. கருவின் முதுகுப் பக்கத்து நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டு, குடலுக்குள் புகுந்து, கடைசி வரை பரவ வேண்டும். தோலுக்கு நிறம் தரும் செல்களும் அதே முகட்டிலிருந்துதான் போகின்றன. இந்தப் பயணத்துக்குத் தேவையான எண்டோதீலின் பி என்ற ஏற்பியின் மரபணுவில் இரண்டு பிரதியும் பழுதானால் இரண்டு பயணமும் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் தோலும் வெள்ளை, குடலின் பின்பகுதியில் நரம்புக் கொத்தும் கிடையாது. முதல் கரிய மலம்கூட நகராது. இதற்கு வைத்தியம் இல்லை. நீங்கள் என்ன செய்திருந்தாலும் அந்தக் குட்டி பிழைத்திருக்காது.

ஹார்மோன் செல்களும் இதே முகட்டிலிருந்து வருபவை என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். பிரெஞ்சுக் கருவியல் ஆய்வாளர் நிக்கோல் லெ துவாரென் 1970-களில் காடைக் கருவின் திசுவைக் கோழிக் கருவில் ஒட்டிப் பார்த்து, குடலின் ஹார்மோன் செல்கள் அங்கிருந்து வருவதில்லை என்று காட்டினார். அவை குடல் சவ்விலேயே பிறப்பவை. செல் ஓரிடத்தில் பிறந்து, நரம்பு வேறிடத்திலிருந்து நடந்து வந்து, கருவிலேயே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்துவிடுவது எனக்கு இன்றும் பெரிய ஆச்சரியம்.

மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதான குதிரை நன்றாகவே வாழும், பெரும்பாலும் பக்கவாட்டில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இப்படிக் குட்டிக்கு உண்டு. தாயையும் அடுத்து சேர்க்கப்போகும் ஆண் குதிரையையும் சோதித்துவிடுங்கள். பிடரி மயிர் சிலவற்றை வேரோடு பிடுங்கி மரபணு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.