பனை உழவாரனா, நாட்டு உழவாரனா: பாலத்தின் மேலேறிப் பார்த்த பிறகு

உழவாரன் பறவைகளில் நாட்டு உழவாரனுக்குப் பிட்டம், அதாவது வாலையொட்டிய முதுகுப் பகுதி, வெண்மையாக இருக்கும், பனை உழவாரனுக்கு அந்த வெண்மை கிடையாது என்ற ஒரே அடையாளத்தை நம்பி, ஒரு பருவம் முழுவதும் பிழையான கணக்கை எழுதி வந்தேன். ஆற்றங்கரையில் நின்று, பாலத்தைச் சுற்றிப் பறந்தவற்றை அண்ணாந்து பார்ப்பேன். வெண்மை கண்ணில் படாதவற்றையெல்லாம் பனை உழவாரன் என்று குறித்துக்கொள்வேன். ஒரு மாலை பாலத்தின் மேலேறிக் கைப்பிடிச் சுவரருகே நின்று பார்த்தபோது, எனக்குக் கீழே நீரையொட்டிப் பறந்த ஒவ்வொரு பறவையின் முதுகிலும், வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே, அகன்ற வெள்ளைப் பட்டை பளிச்சிட்டது. அத்தனையும் பாலத்தின் அடியில் கூட்டமாகக் கூடு வைத்திருந்த நாட்டு உழவாரன்கள். கீழே நின்ற வரை அந்தப் பட்டை எனக்குத் தெரிய வழியே இல்லை. தொண்டையும் வெள்ளைதான், ஆனால் வெளிர்ந்த வானத்துக்கு எதிரே நிழலுருவாகப் பறக்கையில் அதுவும் மங்கிவிடுகிறது.

இப்போது வாலைத்தான் முதலில் பார்க்கிறேன், அதுவும் பறவை வளைந்து திரும்பும் கணத்தில். நேராகப் போகும்போது பனை உழவாரன் தன் நீண்ட வாலை ஒடுக்கி ஊசிபோல வைத்துக்கொள்வதால் கவை தெரியாது. திரும்பும்போது அது சட்டென்று ஆழமாகப் பிளந்து விரியும். நாட்டு உழவாரனின் வால் குட்டையானது. நுனியை வெட்டிவிட்டாற்போல் இருக்கும், விரித்தால் விசிறியாகும். முன்னது மெலிந்த சாம்பல் பழுப்புப் பறவை, பின்னது கருமையான, சற்றுத் தடித்த பறவை. ஆனால் நிறத்தை வெளிச்சம் மாற்றிவிடுவதால் அதை நான் கடைசியில்தான் கணக்கில் எடுக்கிறேன்.

பனை உழவாரனின் வாழ்வை மிக அருகில் கண்டது, காற்றில் விழுந்து கிடந்த ஒரு காய்ந்த ஓலையில். புரட்டியபோது அடிப்பக்க மடிப்பில், இறகுகளை எச்சிலால் ஒட்டிச் செய்த சிறிய அரைக் கிண்ணம் ஒன்று இருந்தது. அதனுள் முட்டையோட்டின் துண்டு இன்னும் ஒட்டியே இருந்தது. ஓலை எவ்வளவு ஆடினாலும் விழாதிருக்க, முட்டையையும் எச்சிலால் ஒட்டி வைக்கும் பறவை இது. நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்தேன்.

*

மேலே எழுதியவரின் வால் அடையாளத்தோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். இளம் பனை உழவாரன்களின் வால் குறுகியது, கவையும் ஆழமில்லாதது. அவற்றை நாட்டு உழவாரன் என்று நானே எழுதியிருக்கிறேன். ஒருநாள் நான் அப்படி எழுதியபின், பனைகளைச் சுற்றி வந்த அதே கூட்டத்தில் ஒன்று, என் கண்முன்னே தொங்கும் ஓலைக்கு அடியில் பாய்ந்து செங்குத்தாகப் பற்றிக்கொண்டது. அதன் முதுகு முழுவதும் ஒரே பழுப்பாக இருந்தது, வெள்ளைப் பட்டை இல்லை. அன்றைய பதிவை அங்கேயே திருத்தினேன்.