பழைய கண்டென்சர் மைக்: இரைச்சலும் படபடப்பும்

தேவாரப்பிரியன்:
அண்ணன்மாரே, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கண்டென்சர் மைக். அப்பா பாடுற தேவாரத்தை இதில்தான் பதிவு பண்றேன். பாட்டுக்கு அடியில் விடாம 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல். மழை நாள்னா கூடவே எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி படபடன்னு கேட்குது. மைக் உடம்பைக் கையால் பிடிச்சா இரைச்சல் குறையுது. மைக்கே போச்சா?

கடலூர் சவுண்ட்:
போகலை தம்பி. ரெண்டும் வேற வேற கோளாறு. இரைச்சல் நம்ம கரண்டோட 50 ஹெர்ட்ஸ். கை பட்டா மாறுதுன்னா எனக்கு ஷீல்டு (வெளி இரைச்சலைத் தடுக்க ஒயரைச் சுத்தி இருக்கிற கம்பி உறை) மேலதான் சந்தேகம். எக்ஸ்எல்ஆர் பிளக்கை (மைக் ஒயரோட மூணு பின் பிளக்) கழற்றி, ஷீல்டு சேர்ற 1-ஆம் பின்னில் சால்டர் விட்டுப் போயிருக்கான்னு பாருங்க. சார்ஜர் வழியாவும் இரைச்சல் வரலாம், லேப்டாப்பில் பதிவு பண்றீங்கன்னா சார்ஜரை எடுத்துட்டு பேட்டரியிலும் ஓட்டிப் பாருங்க.
படபடப்பு ஈரத்தால. கேப்சூலை (ஒலியை வாங்குற மைக் தலைப்பகுதி) ஒட்டின சர்க்யூட்டில் ஜிகா ஓம் கணக்கில், அதாவது ரொம்பப் பெரிய மதிப்பில், ரெசிஸ்டர் இருக்கும். தூசியும் ஈரமும் சேர்ந்தா அங்கே சார்ஜ் கசியும். மூடின டப்பாவில் ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லோட ராத்திரி முழுக்க வைங்க. கேப்சூலில் இருக்கிற மெல்லிய சவ்வை (டயாஃப்ரம்) மட்டும் தொடாதீங்க, வாயால் ஊதவும் வேண்டாம். எச்சில் பட்டா அதுவே புதுக் கோளாறு.

ரேடியோ மாமா:
கழற்றும் முன்னாடி 48 வோல்ட் ஃபேன்டமை (ஒயர் வழியா மைக்குக்குப் போற கரண்ட்) அணைச்சுட்டு ஒரு நிமிஷம் விடுங்க.

தேவாரப்பிரியன்:
அண்ணே, 1-ஆம் பின்னில் சால்டர் விட்டு, கம்பி தொட்டும் தொடாமலும் இருந்தது! பற்றவைச்சதும் இரைச்சல் நின்னுடுச்சு. மைக் இப்போ டப்பாவில். ஜெல் நிறம் மாறினா வறுத்துத் திரும்பப் போடலாமா?

கடலூர் சவுண்ட்:
தாராளமா. சின்னத் தீயில், பழைய நிறம் வர்ற வரைக்கும். சமையல் சட்டி வேண்டாம், தனிச் சட்டி வைச்சுக்கோங்க.