டீசல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: மதுரைப் பக்கம் விவரம் தெரிந்த மெக்கானிக் யாராவது இருக்காங்களா?

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டுற 2011 மாடல் டீசல் ஆட்டோமேட்டிக் வண்டி. காலையில எடுத்தா ஒரு குறையும் இல்ல. திருமங்கலம் தாண்டி சூடேறினதும்தான் சிக்கல்: ரெண்டுல இருந்து மூணாவது கியர் மாறும்போது ஆர்பிஎம் சர்ருனு ஏறுது, வண்டி இழுக்கல. அப்புறம் டக்குனு இடிச்சுக்கிட்டு கியர் விழுது. கொடைக்கானல் மலைப்பாதையில மூணாவது கியர்லயே நின்னுடுச்சு. ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணின பிறகுதான் சரியாச்சு. வயசானவர் தனியா ஓட்டுறார், அதான் பயமா இருக்கு.

ஸ்கேனர்ல பி0700ங்கிற எரர் கோட் (பிழைக் குறியீடு) மட்டும் வருது. அது கியர்பாக்ஸ்ல ஏதோ கோளாறுன்னு மட்டும் சொல்ற பொதுவான கோட்தான். உண்மையான எரர் கோட் படிக்க கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள்ள போற ஸ்கேனர் வேணும். கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பு போய் பழுப்பாயிடுச்சு, கருகின வாடை. வெள்ளைத் துணியில தொட்டா கருப்புப் பொடி ஒட்டுது, இரும்புத் துகள் மினுக்கல.

ஒரு ஒர்க்‌ஷாப்ல பார்த்ததுமே "கியர்பாக்ஸ மாத்திருவோம்"னாங்க. சூட்டுல மட்டும் வழுக்குதுன்னா சோலினாய்டு (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற மின் வால்வு), வால்வு பாடி (வால்வுகள் இருக்கிற பகுதி), சீல் தேஞ்சு பிரஷர் குறையறதுன்னு எதுவா வேணா இருக்கலாமே? லைன் பிரஷர் (கியர்பாக்ஸுக்குள்ள ஆயில் அழுத்தம்) கேஜ் மாட்டிப் பார்க்காம கியர்பாக்ஸ இறக்க மனசு வரல.

மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் கேஜ் வச்சுப் பார்க்கிறவங்க இருந்தா சொல்லுங்க. இந்த நிலையில ஆயில் மாத்தினா வழுக்கல் கூடிடுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.